பேர் சொல்லாத புதூர்

சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே எஸ்.டி.டி. பூத் வைத்திருந்த தாஜுன்னிசாவால் நோன்பு மாதத்திலும் பொழுது சாயும் நேரத்தில் கடையை விட்டு நகர முடியாது. மில் வேலை முடிந்து வரும் பழனியாத்தாள், அவள் நோன்பு திறக்கக் கூடையிலிருந்து நாலு பூவம்பழத்தை எடுத்து ஸ்டூலில் வைத்துவிட்டுப் போய் பஸ் ஏறிக்கொள்வாள்.

"எந்த ஊருங்கக்கா?" என்று எப்போது கேட்டாலும், "புதூருங்க" என்பாள். சுற்றுவட்டாரத்தில் புதூர் என்றால் ஏழெட்டு இருக்கும்.

தொண்ணூற்றைந்து ஆவணியில் அவள் மகள் மதிவதனியைப் பெண் பார்க்க அன்னூரிலிருந்து வருவதாக ஏற்பாடு. அவர்களுக்கு அவள் சொல்லியனுப்பியது 'புதூர்' என்ற பேரும் இந்த பூத்தின் நம்பரும்தான். அன்று பூ வாங்க வந்தவளைத் தாஜுன்னிசா கை தட்டிக் கூப்பிட்டாள்.

"அக்கா, உங்களுக்குத்தான் போனு! ஓடியாங்க!"

மாப்பிள்ளையின் அப்பா ஐயாசாமி, ஏதோ ஒரு புதூரில் நின்று பேசினார். "ஏனுங்க, இங்க உங்களை யாருக்குமே தெரியலீங்க. எந்தப் புதூருன்னு சொல்லுங்க. நல்ல நேரம் முடிஞ்சா நாங்க திரும்பிப் போயிருவோம்."

பழனியாத்தாள் தாஜுன்னிசாவைத் திரும்பிப் பார்த்தாள். ஊர்ப்பேரில் புருஷன் பேர் இருக்கிறது. தாலி ஏறிய நாளிலிருந்து அதை அவள் வாயால் சொன்னதில்லை. மகள் வாழ்வோ இந்த ஒரு வார்த்தையில் நிற்கிறது. ரிசீவரைப் பொத்திக்கொண்டாள்.

"அம்மணி, கை, காலு எல்லாஞ் சேர்த்து என்னம்பாங்க?"

"உடம்பு!"

"அதில்லீங்க, இன்னொரு பேரு!"

"மேனியா?"

"மேனிப்புதூருன்னு எங்காச்சும் ஊரு இருக்குதுங்களா?"

"அப்ப... அங்கம்?"

"அதேதானுங்க! உங்க அத்தாவை நாங்க என்னம்போம்?"

"அப்பன்... யா அல்லா, அங்கப்பன்புதூரா!"

பழனியாத்தாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு தலையாட்டினாள். தாஜுன்னிசா போனைப் பிடுங்கி ஊர்ப்பேரைக் கத்தினாள். விஷயத்தையும் சொன்னாள். மறுமுனையில் ஐயாசாமி சிரித்த சிரிப்பு பூத்துக்கு வெளியே நின்றவர்களுக்கும் கேட்டது.

"எங்க ஊட்டுக்காரியும் இப்பிடித்தானுங்க! இதா, வாரோம்!"

முருகன் அருளால் சம்பந்தம் கூடியது. நிச்சயத்தன்று பழனியாத்தாளின் புருஷன் அங்கப்பனே பேர்க்கதையைச் சொன்னார். அவருடைய பூட்டன் நோஞ்சானாகப் பிறந்தாராம். 'பிள்ளையின் அங்கத்தைக் காப்பாற்று அப்பனே' என்று முருகனிடம் வேண்டி வைத்த பேராம் அது. அந்த நோஞ்சான்தான் வளர்ந்து, பாறையை உடைத்துக் கிணறு வெட்டி, புதூரை உண்டாக்கினார்.

மூன்று வருஷம் கழித்துப் பழனியாத்தாள் மில்லிலிருந்து நின்று, பேரனைப் பார்த்துக்கொள்ள அன்னூருக்கே புறப்பட்டாள். சொல்லிக்கொள்ள பூத்துக்கு வந்தாள்.

"பேரனுக்கு என்ன பேருங்கக்கா?"

பழனியாத்தாள் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். "மாப்பிள்ளை ஆசைப்பட்டு எங்க ஊட்டுக்காரரு பேரையே வெச்சுப்போட்டாருங்க அம்மணி. இனி அவனைக் கூப்பிடோணும்னா நான் உங்களுக்குத்தான் போன் போடோணும்!"