முயல் தீவில் ஏழு நாள்

எங்கள் கல்யாணம் யுத்த காலத்தில் நடந்தது. அவள் ஸ்ரீவைகுண்டத்துக்குப் பக்கத்தில் ஓர் ஆற்றங்கரைக் கிராமத்துப் பெண். நான் தூத்துக்குடியில் பஞ்சும் சங்கும் ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் கிளார்க். அண்ணன் வீட்டில்தான் எல்லோரும் இருந்தோம். அண்ணன், மதினி, அவர்களுடைய ஐந்து பிள்ளைகள், மதினியின் தங்கை, நாங்கள் இருவர். இத்தனை பேருக்கும் இரண்டு அறைகள். பெண்கள் உள்ளறையிலும் ஆண்கள் முன்னறையிலுமாகப் படுப்போம். என் மனைவியிடம் ஒரு விஷயம் பேசவேண்டுமென்றால் அவள் கிணற்றடிக்கு வரும் நேரம் பார்த்து நானும் முகம் கழுவப் போகவேண்டும். கல்யாணமாகி நான்கு வருஷம் அப்படித்தான் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டும் மதினி எங்களைக் கடற்கரைக்கு அனுப்புவாள். கூடவே இரண்டு பிள்ளைகளும் வரும். பிள்ளைகள் மணலில் விளையாட, நாங்கள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருப்போம்.

அப்படி ஒரு நாள் அவள் கடலுக்குள் கைநீட்டி, "அங்கன கறுப்பா ஒரு கோடு தெரியுதே, அது என்னது?" என்று கேட்டாள்.

"முயல் தீவு."

"முயலு இருக்குமா?"

"எவனோ வெள்ளைக்காரன் கொண்டுபோயி விட்டானாம். இப்ப இருக்கோ என்னமோ."

"மனுசங்க?"

"வல காயப் போட வருவாங்க. குடியிருக்க யாரும் கிடையாது."

அவள் அந்தக் கோட்டையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "ஒரு தடவையாச்சும் நாம அங்கன போயி இருக்கணும்" என்றாள். போய்ப் பார்க்கணும் என்று சொல்லவில்லை. போய் இருக்கணும் என்றாள். எனக்கு அந்த வித்தியாசம் அப்போதே விளங்கிற்று.

யுத்தம் நடந்தவரை அந்தப் பக்கம் யாரையும் விடவில்லை. அது முடிந்த மறு வருஷம், எங்கள் ஆபீசுக்குச் சங்கு அனுப்பும் விஷயமாக வந்துபோகும் ஒரு வியாபாரி பேச்சுவாக்கில் ஒன்று சொன்னார். முத்துக்குளிப்பு நடந்த ஒரு சமயம் காவலுக்கு இருக்கட்டுமென்று அவருடைய அப்பா தீவில் ஒரு வீடு கட்டியிருந்தாராம். ஓட்டு வீடு, இரண்டு அறை, முன்னால் ஒரு வராந்தா. லீவில் காற்று வாங்க வருகிறவர்களுக்கு அதை வாடகைக்கு விடுவது வழக்கம். யுத்தத்தில் பட்டாளத்துக்காரர்கள் எடுத்துக்கொண்டிருந்தார்கள், இப்போது சாவி கைக்கு வந்துவிட்டது என்றார்.

"அண்ணாச்சி, எனக்கு ஏழு நாள் தருவியளா?" என்று கேட்டேன்.

"பங்குனிக் கடைசியில எடுத்துக்கிடும். சித்திர தாண்டுனா கச்சான் காத்து எழும்பிரும். பெறவு தோணி போறது செரமம்."

அன்று ராத்திரி வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். மதினிதான் சிரித்தாள். "ஏன் கொழுந்தனாரே, இந்த ஊர்க் காத்து பத்தலியோ?" என்று கேட்டுவிட்டு, அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, "போயிட்டு வாங்க. அவளுந்தான் எங்க போனா" என்றாள்.

அதற்குப் பிறகு வந்த ஆறு வாரங்களைப்போல என் வாழ்க்கையில் வேறெதுவும் இல்லை. என் மனைவி ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். ஆபீசில் வீணாய்ப்போன தாள்களை நான் கொண்டுவந்து கொடுப்பேன். அதன் பின்பக்கத்தில் பென்சிலால், உருண்டை உருண்டையான எழுத்தில், கொண்டுபோக வேண்டியதையெல்லாம் எழுதுவாள். தீவில் நல்ல தண்ணீர் கிடையாது என்றதும் மூன்று குடம், மூடுவதற்குத் துணி என்று எழுதினாள். அரிசி ரேஷனில் அளந்து வந்த காலம். ஏழு நாளும் சோறு பொங்கினால் மதினிக்கு முடை வந்துவிடும் என்று கேப்பை மாவையும் அவலையும் சேர்த்தாள். புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, மிளகாய் வற்றல், கருப்பட்டி, சுக்கு. காற்றில் அணையாத விளக்கு. முள் குத்தினால் எடுக்க ஊசி.

எழுதியதை அடித்து மறுபடி எழுதுவாள். ஞாயிற்றுக்கிழமை கடற்கரையில் அந்தத் தாளை மடியில் விரித்து எனக்கு வாசித்துக் காட்டுவாள். ஒரு தடவை ஒரு வரியை மட்டும் வாசிக்காமல் தாண்டினாள். நான் எட்டிப் பார்த்தேன். 'பாய் ஒண்ணு' என்று எழுதியிருந்தது. அவள் தாளைச் சட்டென்று மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். அன்று வீடு போய்ச் சேரும்வரை இருவரும் பேசவில்லை. அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

"அங்கன குளிக்கலாமா? இந்த அல பயமா இருக்கு. எங்க ஊரு ஆறுன்னா கழுத்தளவு தண்ணியில உக்காந்திருப்பேன்" என்று ஒரு நாள் கேட்டாள். போய்ப் பார்ப்போம் என்றேன்.

திரேஸ்புரத்தில் ஒரு தோணிக்காரரிடமும் சொல்லிவைத்தேன். கடைசியாக ஆபீசில் ஏழு நாள் லீவு கேட்டு எழுதிக் கொடுத்தேன். காரணம் என்ற இடத்தில், மனைவியுடன் முயல் தீவில் தங்க என்று உள்ளதை உள்ளபடியே எழுதினேன். வயிற்றுவலி என்று எழுதியிருக்கலாம்.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். லீவுக் கடிதம் அவர் கையில் இருந்தது. முகமெல்லாம் சிரிப்பு.

"நல்ல வேளை, நீ எழுதினதுனால எனக்குத் தெரிஞ்சுது. மெட்ராஸ்ல இருந்து மகளும் மாப்பிள்ளையும் வாராங்க. மாப்பிள்ளைக்குக் கடல்னா உயிரு. எங்க தங்கவைக்கன்னு யோசிச்சுக்கிட்டே இருந்தேன். அந்த ஏழு நாள அவங்களுக்கு விட்டுக் குடுத்துரு. நீ உள்ளூர்க்காரன், எப்ப வேணும்னாலும் போவலாம்."

"சரி சார்" என்றேன்.

அவர் மிரட்டவில்லை. வற்புறுத்தவும் இல்லை. முடியாது என்றால் என்ன ஆகியிருக்கும் என்று இத்தனை வருஷமாக யோசித்துப் பார்த்திருக்கிறேன். ஒன்றும் ஆகியிருக்காது என்றுதான் தோன்றுகிறது. ஆனால் அவர் கேட்டு முடிப்பதற்குள் என் வாயிலிருந்து அந்தச் சொல் வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்தபோது அவள் கொல்லைப்புறத்தில் உரலில் பொடி இடித்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே விஷயத்தைச் சொன்னேன். உலக்கையை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"நீங்க என்ன சொன்னிய?"

"சரின்னுட்டேன்."

என்னையே பார்த்தாள். நான் உரலைப் பார்த்தேன். "அடுத்த வருசம் போவோம்ளா. வீடு எங்க போயிரப்போவுது" என்றேன். அவள் மறுபடி இடிக்கத் தொடங்கினாள். பாதியில் விட்டால் பொடி வீணாகிவிடும் என்பதைப்போல நன்றாக இடித்துச் சலித்து, பாட்டிலில் அடைத்தாள். பிறகு உள்ளே போய் அந்தத் தாளை எடுத்துவந்தாள்.

"மெட்ராஸ்காரவங்களுக்கு அங்கன தண்ணி கிடையாதுன்னு தெரியாதுல்லா. இதக் குடுத்துருங்க. இந்தப் பொடியும் அவங்களுக்கே இருக்கட்டும்."

அழுதிருந்தால் நான் மேனேஜர் வீட்டுக்கே போய் மாற்றிச் சொல்லியிருப்பேன் என்று பிற்காலத்தில் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய்தான்.

மேனேஜரின் மகளையும் மாப்பிள்ளையையும் தீவுக்குக் கூட்டிக்கொண்டுபோய் வீட்டைத் திறந்துவிட்டு வரும் பொறுப்பும் எனக்கே வந்தது. என் மனைவி கூட வராததைப் பார்த்ததும் தோணிக்காரர், "ஏன் சார், வீட்ல கூட்டிட்டு வாரேன்னியளே?" என்றார்.

"அவளுக்கு மேலுக்குச் சரியில்ல" என்றேன்.

தீவு அவ்வளவு அழகாக இருக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை. வெள்ளை மணல். முழங்கால் உயரத்துக்குப் பச்சைப் புதர்கள். வராந்தாவில் உட்கார்ந்தால் கடலைத் தவிர வேறெதுவும் கண்ணில் படாது. கரையைப் பார்த்த பக்கத்தில் அலையே இல்லை. தண்ணீர் தெளிந்து, அடி மணல் தெரிய, ஆற்றுத் தண்ணீர்போலக் கிடந்தது. கழுத்தளவு தண்ணீரில் யார் வேண்டுமானாலும் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கலாம்.

சாமான்களை இறக்கிவைக்கும்போது மேனேஜரின் மகள் அந்தத் தாளைச் சரிபார்த்தாள். நல்ல பெண், அவளைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. "யார் எழுதினது? எவ்வளவு யோசிச்சு எழுதியிருக்காங்க!" என்றாள். பிறகு, "பாய் ஒண்ணுன்னு போட்டிருக்கே. நாங்க ரெண்டு கொண்டுவந்திருக்கோம், பரவாயில்லையா?" என்று கேட்டாள்.

"தப்பா எழுதியிருக்கும்மா" என்றேன்.

சாயங்காலம் வீடு திரும்பினேன். அவள் பிள்ளைகளுக்குத் தலைவாரிக்கொண்டிருந்தாள்.

"எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்ல. வெறும் மணலும் முள்ளும். நாம போயிருந்தா ஒரே நாள்ல திரும்பியிருப்போம்."

"தண்ணி?"

"குளிக்கிறாப்புல இல்ல."

சீப்பைப் பிடித்திருந்த கை நின்றது. என் வேட்டியின் கீழ்ப்பாதி இன்னும் ஈரமாக இருந்தது. திரும்புவதற்கு முன் யாருக்கும் தெரியாமல் அந்தத் தண்ணீரில் இறங்கிச் சற்று நேரம் நின்றுவிட்டு வந்திருந்தேன். அவள் வேட்டியைப் பார்த்தாள். பிறகு பிள்ளையின் பின்னலை முடிந்து, ரிப்பன் கட்டிவிட்டாள்.

மறு வருஷம் பங்குனி பிறப்பதற்கு முன்பே வியாபாரியிடம் கேட்டுச் சாவியை வாங்கினேன். இந்தத் தடவை ஆபீசில் யாருக்கும் காரணம் சொல்லவில்லை. கிணற்றடியில் அவள் கையில் சாவியைக் கொடுத்தேன். என்ன சாவி என்று அவள் கேட்கவில்லை.

"நீங்கதான் போயிட்டு வந்துட்டியளே" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே அப்படித்தான் நினைத்தாள். அந்த இடத்துக்கு இரண்டு பேரும் முதல்முதலாகச் சேர்ந்து போவது என்பது இனி நடக்காது. அதை நான் முடித்துவிட்டேன்.

"பிள்ளைகளுக்குப் பரீச்ச வருது. உங்க மதினி ஒத்தையில கெடந்து கஷ்டப்படுவாக" என்று சொல்லிவிட்டு, சாவியை என் கையிலேயே வைத்துவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். நான் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

சில வருஷங்கள் கழித்து நாங்கள் தனிக்குடித்தனம் போனோம். ஒரு மகன் பிறந்தான். அவள் எனக்கு எந்தக் குறையும் வைக்கவில்லை. சுடச்சுடச் சோறு போட்டாள், காய்ச்சலில் விழுந்தால் கூடவே உட்கார்ந்திருந்தாள், என் சொந்தக்காரர்களைத் தன் சொந்தக்காரர்களைப்போலக் கவனித்தாள். ஊரில் எங்களைப் பொருத்தமான ஜோடி என்றார்கள். ஆனால் 'நாம போயி இருக்கணும்' என்பதுபோல எதையும் அவள் அதற்குப் பிறகு என்னிடம் கேட்டதில்லை. சேலை எடுக்கப் போனால்கூட, "உங்களுக்குப் பிடிச்சத எடுங்க" என்பாள்.

ஒரே ஒரு தடவை மன்னிப்புக் கேட்டிருக்கிறேன், அதுவும் கடிதத்தில். சாவியைத் திருப்பிக் கொடுத்த அதே வருஷம், அவளுடைய அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போய் அவள் ஊரில் இரண்டு மாதம் தங்கியிருந்தாள். ஆபீஸ் முடிந்து எல்லோரும் போன பிறகு உட்கார்ந்து நாலு பக்கம் எழுதினேன். தண்ணீர் அங்கே எப்படி இருந்தது என்பதையும் உள்ளபடி எழுதினேன். தபாலில் போட்டுவிட்டு, தினமும் ஆபீசிலிருந்து வந்ததும் தபால் வந்ததா என்று மதினியிடம் கேட்பேன்.

எட்டாம் நாள் ஒரு கார்டு வந்தது. அதே உருண்டை எழுத்து. கடிதம் கிடைத்தது. அப்பாவுக்கு இப்போது தேவலை, கஞ்சி குடிக்கிறார். நீங்கள் வெயிலில் அலையவேண்டாம். மதினியைக் கேட்டதாகச் சொல்லவும். ரேஷன் கார்டு அரிசிப் பானைக்குப் பின்னால் இருக்கிறது. இந்த வாரமே போய் வாங்காவிட்டால் அரிசி தரமாட்டார்கள்.

அதற்குக் கீழே கார்டில் இன்னும் இடம் இருந்தது. திருப்பிப் பார்த்தேன். விலாசம்தான் இருந்தது.