அக்கா பங்கு பிஸ்கட்

பதினோரு மணி நெருங்கும்போது எங்கள் பள்ளிக்கூடத்தின் பின்கட்டிலிருந்து டால்டாவும் சர்க்கரையும் ஒன்றாகச் சூடேறும் வாசனை கிளம்பி, வராந்தாவைச் சுற்றிக்கொண்டு ஜன்னல் வழியே வகுப்புக்குள் நுழையும். அதற்குப் பிறகு டீச்சர் கரும்பலகையில் என்ன எழுதினாலும் எங்கள் தலைக்குள் ஏறாது. அந்த பிஸ்கட் உள்ளங்கை அகலம் இருக்கும், விரல் கனம் இருக்கும். நடுவில் வெளுத்து, ஓரத்தில் சிவந்து வெடித்திருக்கும். மேலே தூவிய சர்க்கரை பாதி உருகியும் பாதி உருகாமலும் ஒட்டிக்கொண்டிருக்கும். கடை பிஸ்கட் போல நொறுங்காது. கடித்தால் மெதுவாக விட்டுக்கொடுக்கும். நாங்கள் அதைச் "சக்கர பிஸ்கட்" என்போம். நான் அப்போது மூன்றாம் வகுப்பு, ஆனால் தீனி விஷயத்தில் எட்டாம் வகுப்புப் பெண்களுக்குச் சளைத்தவள் இல்லை.

ஐம்பதுகளின் கடைசி அது. ஸ்ரீராம்புரத்தில் ஒரு சந்துக்குள் எங்கள் வீடு. அப்பா நூல் மில்லில் ஷிஃப்ட் வேலை பார்த்தார். அக்கா அம்சவேணியும் நானும் ரயில் தண்டவாளத்தைத் தாண்டி ஒரு மிஷன் பெண்கள் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போவோம். அங்கே வசதி இல்லாத வீட்டுப் பெண்கள் முப்பது நாற்பது பேரின் பெயரை ஒரு நீல நோட்டில் எழுதி வைத்து, தினமும் ஆளுக்கு ஒரு பிஸ்கட்டும் ஒரு தம்ளர் பவுடர் பாலும் கொடுப்பார்கள். சுட்டுக் கொடுப்பதும், வாங்கியவள் பெயருக்கு நேரே பென்சிலால் கோடு போடுவதும் லில்லி ஆயாவின் வேலை. ஆறு, ஏழு, எட்டு படிக்கிற பெரிய பெண்களுக்கு அந்த வரிசையில் வந்து நிற்க வெட்கம். அதனால் தங்கை இருப்பவர்கள் தங்கையிடமே தங்கள் பங்கை வாங்கிவரச் சொல்லிவிடுவார்கள். ஆயாவும் இரண்டு பிஸ்கட்டை எடுத்து என் கையில் வைத்து, "இது உன்னுது, இது அக்கா பங்கு" என்று சொல்லி இரண்டு கோடு போடுவார். ஏழாம் வகுப்பு எதிர்ப்பக்கத்து மாதாகோயில் ஹாலில் நடந்தது. நான் கேட்டைத் தாண்டி ஓடி அக்காவிடம் கொடுத்துவிட்டு வருவேன். வழியில் ஓரத்தைக் கொஞ்சம் நக்கிப் பார்த்ததுண்டு. அதை அக்கா கண்டுபிடித்துவிடுவாள், ஆனால் திட்டமாட்டாள்.

அந்த நீல நோட்டுக்கு இன்னொரு உபயோகமும் இருந்தது. சனிக்கிழமை தோறும் தலைமை ஆசிரியை, நாங்கள் "பெரிய டீச்சர்" என்போம், அதைப் புரட்டிப் பார்ப்பார். ஒரு வாரம் சேர்ந்தாற்போல ஒரு பெண்ணுக்குக் கோடு விழவில்லை என்றால், அந்த வீட்டில் ஏதோ நடக்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிடும். அடுத்த நாலைந்து நாளுக்குள் சாயங்காலம் குடையை ஊன்றிக்கொண்டு அந்த வீட்டு வாசலில் வந்து நிற்பார். எங்கள் சந்திலேயே இரண்டு பெண்களை அப்படித் திரும்ப அழைத்துப்போயிருக்கிறார். வெள்ளைப் புடவையும் மூக்குக் கண்ணாடியுமாக அவர் வந்து, "ஏன் பொண்ண அனுப்பல?" என்று மெதுவாகக் கேட்டால், மில்லில் சூப்பர்வைசரையே எதிர்த்துப் பேசுகிற ஆள்கூட துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பதில் தேடுவார்.

அந்த வருஷம் ஆடி மாதத்தில் அக்கா வயதுக்கு வந்தாள். சடங்கு சுற்றி, மாமன் வீட்டுச் சீர் வந்து, எல்லாம் முடிந்த மறுநாள், "போதும், இனிமே வூட்ல இருக்கட்டும்" என்று அப்பா சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை, வழக்கமாக எல்லோரும் சொல்வதைத்தான் அவரும் சொன்னார். எட்டாவது பாஸ் செய்தால் டீச்சர் ட்ரெய்னிங்கில் சேரலாம் என்று அக்கா யார் யாரிடமோ விசாரித்து வைத்திருந்தாள். அப்பாவிடம் அழுது பார்த்தாள், இரண்டு வேளை சாப்பிடாமல் இருந்து பார்த்தாள். பிறகு அழுகையை நிறுத்திவிட்டாள். பெரிய டீச்சர் வருவார் என்ற தைரியம் அவளுக்கு வந்துவிட்டது.

அன்றிலிருந்து சாயங்காலம் நாலு மணி ஆனால் அக்கா தலை வாரிப் பின்னிக்கொள்வாள். வாசலை இரண்டாம் தரம் பெருக்குவாள். எங்கள் வீட்டில் நாற்காலி கிடையாது. டீச்சர் வந்தால் எதில் உட்காருவார் என்று பக்கத்து வீட்டு ஜயம்மாவிடம் தினமும் போய் ஒரு மர நாற்காலியை இரவல் வாங்கி வருவாள். இருட்டியதும் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுப்பாள். ஜயம்மா கன்னடக்காரி, நல்ல மனுஷி, ஆனால் கிண்டல் செய்யாமல் நாற்காலியைத் தரமாட்டாள். "இவத்து யாரம்மா, மகாராணி பர்தாரா?" என்று தினமும் கேட்பாள், இன்றைக்கு மகாராணியா வருகிறாள் என்று. அக்கா சிரித்துக்கொண்டே நாற்காலியைத் தலைமேல் தூக்கிக்கொண்டு வருவாள்.

இப்போது நான் செய்ததைச் சொல்லவேண்டும். அக்கா நின்றுபோன முதல் நாள், ஆயா வழக்கம்போல இரண்டு பிஸ்கட்டை எடுத்துக் கையில் வைத்தார். நான் பொய் சொல்லவில்லை. வாயைத் திறக்கவில்லை, அவ்வளவுதான். அழுது வீங்கிய முகத்தோடு வீட்டில் உட்கார்ந்திருக்கும் அக்காவுக்கு அதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். பாவாடையில் முடிந்து கொண்டுபோய்க் கொடுத்தபோது அவள் முகம் மலரத்தான் செய்தது. "யாரு குட்த்தா?" என்றாள். "ஆயாதான். உன் பங்குன்னு குட்த்தாங்க" என்றேன். அதுவும் பொய் இல்லை. மறுநாளும் வாங்கினேன், அதற்கு மறுநாளும். ஏழாம் வகுப்பு டீச்சர் பிரசவத்துக்குப் போய்விட்டதால் எட்டாம் வகுப்பு டீச்சர் ஒருவரே இரண்டு வகுப்பையும் ஹாலில் வைத்து மேய்த்துக்கொண்டிருந்தார். அங்கே யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று கேட்பார் இல்லை. நீல நோட்டிலோ அம்சவேணி என்ற பெயருக்கு நேரே தினமும் ஒரு கோடு விழுந்துகொண்டிருந்தது.

நான் வீட்டுக்கு வந்ததும் அக்கா கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "என்னை யாராச்சும் கேட்டாங்களா?"

"இல்லக்கா" என்று சொல்லி நான் பிஸ்கட்டை நீட்டுவேன்.

இரண்டு வாரம் போயிற்று, மூன்று வாரம் போயிற்று. அவள் மனதில் என்ன ஓடியிருக்கும் என்பது எனக்கு வளர்ந்த பிறகுதான் உறைத்தது. தான் பள்ளிக்கூடம் வரவில்லை என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது, தன் பங்கை வீட்டுக்கே கொடுத்தனுப்புகிறார்கள், ஆனால் கூப்பிட மட்டும் ஒருவரும் வரவில்லை என்று அவள் எண்ணியிருக்கிறாள். ஒரு மாதம் கழித்து ஒருநாள், "எனக்கு வேணாம், நீயே துன்னு" என்று சொல்லிவிட்டாள். நானும் தினமும் வாங்கிவந்து சந்தோஷமாக இரண்டையும் தின்றேன். அன்று முதல் அவள் நாற்காலி கேட்டு ஜயம்மா வீட்டுக்குப் போகவில்லை. ஜயம்மாவே வாசலில் வந்து நின்று, நாற்காலி வேண்டாமா என்று கேட்டுவிட்டுப் போனாள்.

புரட்டாசி கழிந்ததும் ஆனேக்கல்லிலிருந்து ஒரு வரன் வந்தது. ஐப்பசியில் தட்டு மாற்றினார்கள். அக்கா தலையைக் குனிந்துகொண்டு எல்லோருக்கும் காபி கொடுத்தாள். சம்மதமா என்று அவளைக் கேட்கும் வழக்கம் எங்களுக்குள் அப்போது இல்லை.

கிறிஸ்துமஸ் வரும் சமயத்தில் நீல நோட்டிலுள்ள பெண்களுக்குப் புதுத் துணி தைத்துக் கொடுப்பார்கள். அளவெடுக்க அக்காவை நேரில் வரச்சொன்னபோது நான் விழித்தேன். இரண்டு நாள் ஏதேதோ சாக்குச் சொன்னேன். மூன்றாம் நாள் சாயங்காலம் பெரிய டீச்சர் குடையை ஊன்றிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்துவிட்டார். அன்றைக்கு வீட்டில் நாற்காலி இல்லை. நின்றுகொண்டேதான் பேசினார்.

அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "தட்டு மாத்திட்டோம் டீச்சரம்மா. தை மாசம் கல்யாணம். வாக்கு குட்த்துட்டு இப்ப எப்படி?" என்றார். டீச்சர், அக்கா எத்தனை நாளாக வரவில்லை என்று கேட்டார். ஆடியிலிருந்து என்று அம்மா சொன்னாள். டீச்சர் திரும்பி என்னைப் பார்த்தார். அக்காவும் என்னைப் பார்த்தாள். டீச்சர் ஒரு வார்த்தையும் கேட்காமலே மூன்று பேருக்கும் விஷயம் விளங்கிவிட்டது. எனக்கு நின்ற இடத்திலேயே பாவாடை நனைந்துவிட்டது. அதைக்கூட அக்காதான் பார்த்துவிட்டு, மற்றவர்கள் பார்ப்பதற்குள் என்னைப் பின்னால் இழுத்து மறைத்துக்கொண்டாள்.

போகும்போது டீச்சர் அப்பாவிடம், "சின்னவளையாவது நடுவுல நிறுத்தாதீங்க" என்றார். அப்பா கொஞ்சமும் யோசிக்காமல், "சரிங்கம்மா, நிறுத்தமாட்டேன்" என்றார். சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் செய்தார்.

மறுநாளிலிருந்து நான் பிஸ்கட் வரிசைக்குப் போகவில்லை. யாரும் போகாதே என்று சொல்லவில்லை. ஆயாவின் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. வெறுங்கையோடு வீட்டுக்கு வரும் என்னை அக்கா ஒரு வாரம் கவனித்தாள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மா சந்தைக்குப் போயிருந்தபோது, அவளே பிஸ்கட் சுட உட்கார்ந்தாள்.

வெள்ளிக்கிழமைகளில் பெரிய பெண்கள் ஆயாவுக்கு மாவு பிசைய ஒத்தாசை செய்வார்கள் என்பதால் அவளுக்குப் பக்குவம் தெரிந்திருந்தது. டால்டாவையும் பொடித்த சர்க்கரையையும் ஒரு குண்டானில் போட்டு, கை சலிக்க, அது வெள்ளையாக நுரைத்து வரும்வரை தேய்த்தாள். மைதாவும் ஒரு சிட்டிகை சோடா உப்பும் சேர்த்து, பால் தெளித்துப் பிசைந்தாள். தட்டையாகத் தட்டி, தம்ளரைக் கவிழ்த்து வட்டம் வட்டமாக வெட்டினாள். எங்களுக்கு ஏது ரொட்டி அடுப்பு? பெரிய டேக்சாவில் மணலைக் கொட்டிக் காயவைத்து, உள்ளே தட்டை வைத்து, மேலே மூடி, மூடியின்மேல் தணலை அள்ளிப் போட்டாள். முதல் தட்டு அடியில் கருகிப்போயிற்று. இரண்டாம் தட்டு நடுவில் வேகவே இல்லை. மூன்றாம் தட்டை எடுத்தபோது ஓரம் சிவந்து, லேசாக வெடித்து, ஏறக்குறைய பள்ளிக்கூடத்து பிஸ்கட்டைப் போலவே இருந்தது. அதன்மேல் சர்க்கரையைத் தூவி, ஊதி ஊதி ஆறவைத்து, இரண்டை எடுத்து என் கையில் வைத்தாள்.

நான் தின்னாமல் அழுதேன். அவள் என் மூக்கைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டு, "இனிமே என்னை யாராச்சும் கேட்டா, அக்கா வரலைன்னு சொல்லிடு, இன்னா?" என்றாள். திட்டு என்று பார்த்தால் அவள் என்னைத் திட்டியது அந்த ஒரு தடவைதான், அதுவும் அவ்வளவு மெதுவாக.

தை மாதம் கல்யாணம் முடிந்து அவள் ஆனேக்கல்லுக்குப் போய்விட்டாள். நான் படித்தேன். டெலிபோன் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தேன். எத்தனையோ வருஷம் எனக்குத் துணையாக இருந்தது ஒரே ஒரு எண்ணம்: டீச்சர் முன்னாலேயே வந்திருந்தாலும் அப்பா ஒத்துக்கொண்டிருக்கமாட்டார், அவர் பிடிவாதக்காரர், என்னால் எதுவும் கெட்டுவிடவில்லை. அப்பா படுத்த படுக்கையாகக் கிடந்த கடைசி மாதங்களில் ஒருநாள், டீயில் ரொட்டியை நனைத்து ஊட்டிக்கொண்டிருந்தேன். அவர் பழசெல்லாம் பேசுவார். பேச்சோடு பேச்சாக, "அம்சாவ நிறுத்தினது தப்பும்மா. அந்த டீச்சரம்மா தட்டு மாத்தறதுக்கு முன்னால வந்து ஒரு வார்த்த கேட்டிருந்தா அனுப்பிச்சிருப்பேன். நானும் வருவாங்கன்னுதான் பாத்துக்கினு இருந்தேன்" என்றார். ரொட்டியை டீயிலேயே விட்டுவிட்டேன். அவருக்கு என் விஷயம் கடைசிவரை தெரியாது.

அந்தப் பள்ளிக்கூடத்து இடத்தில் இப்போது அடுக்குமாடி வீடுகள் நிற்கின்றன. மாதாகோயில் ஹாலை இடித்து ரோட்டை அகலமாக்கிவிட்டார்கள். லில்லி ஆயாவும் பெரிய டீச்சரும் எப்போது போனார்கள் என்றுகூட எனக்குத் தெரியாது. அந்த நீல நோட்டு என்ன ஆயிற்றோ, யார் வீட்டுக் குப்பையில் மக்கிற்றோ. என் மகன் வாங்கித்தந்த மின்சார அடுப்பில் மாதத்துக்கு ஒருமுறை நான் சக்கர பிஸ்கட் சுடுகிறேன். எவ்வளவு நல்ல வெண்ணெய் போட்டாலும் அந்த ருசி வராததால், தேடிப்பிடித்து வனஸ்பதி வாங்கித்தான் செய்கிறேன். டப்பாவில் போட்டுக்கொண்டு பஸ் ஏறி ஆனேக்கல்லுக்குப் போகிறேன்.

அக்காவுக்கு எண்பது ஆகப்போகிறது. கண்ணாடி போட்டுக்கொண்டு கையில் கிடைத்த காகிதத்தையெல்லாம் படிக்கிறாள், கடலை மடித்த காகிதத்தைக்கூட விடுவதில்லை. பிஸ்கட்டைக் கடித்துவிட்டு, சர்க்கரை போதவில்லை என்பாள், இல்லாவிட்டால் அதிகம் என்பாள். சாப்பிடும் அவளையே நான் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டால் அவளுக்குப் புரிந்துவிடும். டப்பாவை மூடிவைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொள்வாள்.

"இன்னுமா அதையே நெனச்சிக்கினு கீற? வுடு குட்டி. யாரு வந்து கேட்டிருந்தாலும் அப்பா என்னை அனுப்பிச்சிருக்கமாட்டாரு."

நான் "ஆமாக்கா" என்கிறேன்.