ஊசிச் சீட்டு

எங்கள் ஊருக்கு வாந்திபேதி வந்த வருஷம் எனக்கு ஒன்பது வயது. எண்பதுகளின் நடுவில் ஒரு கோடை. கீழ்த்தெருவில் இரண்டு பேர் செத்துப்போனார்கள். கிணற்றில் கொட்டிய பிளீச்சிங் பவுடர் வாடை சோறு வரைக்கும் அடித்தது. பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். சந்தைக்குப் போகக் கூடாது, சொந்தக்காரர் வீட்டுக்குப் போகக் கூடாது. போனாலும் உள்ளே விட மாட்டார்கள். பாலக்கோடு பஸ் எங்கள் நிறுத்தத்தில் நிற்காமல் போனது. எங்கள் ஊர் வந்ததும் பஸ்ஸில் இருப்பவர்கள் ஜன்னல் ஷட்டரை இறக்கிவிடுவார்கள். காற்றிலேயே தொற்றிவிடும் என்ற பயம்.

எங்கள் வீட்டில் அதைவிடப் பெரிய பயம் தக்காளி. அரை ஏக்கர் பழுத்து நின்றது. பறித்தால் மறுநாளுக்குள் பாலக்கோடு மண்டிக்குப் போயாக வேண்டும். இல்லாவிட்டால் மாட்டுக்கும் போட முடியாது, அழுகிவிடும். அந்த வருஷம் வேறு வெள்ளாமையும் இல்லை.

அப்போதுதான் சுகாதார ஜீப் வந்தது. ஊசி போட்டுக்கொண்டால் பெயர் எழுதி ஒரு சீட்டு கொடுப்பார்கள். சீட்டு வைத்திருப்பவர்களை மட்டும் பஸ்ஸில் ஏற்றலாம் என்று ஏற்பாடு.

ஜீப் சத்தம் கேட்டதும் ஊர் ஆம்பளைகள் ஓடிவிட்டார்கள். சில வருஷங்களுக்கு முன்னால் இதே மாதிரி ஒரு ஜீப் வந்து, அக்கம்பக்கத்து ஊர்களில் ஆம்பளைகளை ஏற்றிக்கொண்டுபோய்க் குடும்பக் கட்டுப்பாடு செய்து அனுப்பியிருந்தது. அந்தப் பயம் போகவில்லை. இந்த ஊசியும் அதற்குத்தான், வாந்திபேதி என்பது சாக்கு என்று பெரியப்பா சொன்னார். அவரும் அப்பாவும் இன்னும் ஆறு பேரும் ஊரை ஒட்டிய கரும்புக்காட்டுக்குள் புகுந்துகொண்டார்கள். அவர்களுக்குச் சோற்றுப் போசியைக் கொண்டுபோய்க் கொடுத்தது நான்தான். எனக்கு அதில் அவ்வளவு பெருமை. கரும்புச் சோகை கிழித்து முகமெல்லாம் கோடு கோடாக உட்கார்ந்திருந்த அப்பா எனக்குப் போர் வீரர் மாதிரி தெரிந்தார்.

அம்மா அந்த நேரத்தில் நேராக ஜீப்புக்குப் போய் முதல் ஆளாகக் கையை நீட்டினாள். ஊரே தள்ளி நின்று பார்த்தது.

"வூட்டுக்காரர் எங்கம்மா?" என்று நர்ஸ் கேட்டார்.

"ஊருக்குப் போயிருக்காருங்க."

"பஸ்ஸே நிக்கல, எந்த ஊருக்கு?"

நர்ஸ் கரும்புக்காட்டைப் பார்த்தார். காற்றே இல்லை, ஒரு மூலையில் மட்டும் கரும்பு ஆடிக்கொண்டிருந்தது. "சரி, வந்ததும் வரச் சொல்லு" என்று சிரித்தார். அடுத்து அம்மா என் கையைப் பிடித்து இழுத்து நீட்டினாள். அப்பா ஒளிந்திருக்கும்போது அவள் ஜீப்காரர்கள் பக்கம் சேர்ந்துவிட்டாள் என்ற கோபத்தில் நான் அவளைக் கடித்தேன். அவள் பிடியை விடவில்லை.

மறுநாள் விடியும்போது அம்மாவின் வலது கை தோள்வரை வீங்கியிருந்தது. காய்ச்சல் வேறு. எனக்கு லேசாகத்தான் வலித்தது. "நீ படு, நான் போறேன்" என்று அப்பா அவள் சீட்டை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அம்மா படுக்கவில்லை. பின்னாலேயே வந்தாள், நானும் வந்தேன். பஸ் நின்றது. பறித்து வைத்திருந்த நான்கு தக்காளிக் கூடைகளையும் மேலே ஏற்றிவிட்டு அப்பா சீட்டை நீட்டினார்.

கண்டக்டர் படித்தார். "அண்ணே, இதுல பொம்பளை பேருல்ல போட்டிருக்குது."

"என் சம்சாரந்தாங்க. ரெண்டு பேரும் ஒண்ணுதானே."

"ஒண்ணுன்னா உங்க கையும் வீங்கியிருக்கணுமே. காட்டுங்க பார்ப்போம்."

பஸ் முழுக்கச் சிரித்தது. அப்பா சட்டைக் கையைப் பிடித்தபடி நின்றார். ஏற்றின கூடைகளை இறக்குவதா வேண்டாமா என்று அவருக்குத் தெரியவில்லை. அம்மா அவர் கையிலிருந்த சீட்டை வாங்கிக்கொண்டு என்னையும் இழுத்து ஏறிவிட்டாள். அதுவரை அவள் தனியாகப் பாலக்கோடு போனதில்லை.

மண்டியில் ஊர்ப் பெயரைச் சொன்னதுமே ஆட்கள் விலகினார்கள். மண்டிக்காரர் தூரத்திலிருந்தே கையை ஆட்டினார்.

"உங்க ஊரு காய் வேணாம்மா. எடுத்துட்டுப் போ."

"ஏனுங்க?"

"ஏன்னு உனக்குத் தெரியாதா? வாந்திபேதி ஊரு."

அம்மா முந்தானையை விலக்கி வீங்கின கையைக் காட்டினாள். "நானும் எம்பொண்ணும் ஊசி போட்டிருக்கோமுங்க. சீட்டு இருக்குது. உங்க மண்டியில எத்தினி பேரு போட்டிருக்கீங்க? சொல்லுங்க, நான் போயிடறேன்."

ஒருவரும் போட்டிருக்கவில்லை. எல்லாரும் தக்காளியைப் பார்க்கிற மாதிரி குனிந்துகொண்டார்கள்.

"ஓரமா நில்லும்மா, யாவாரம் கெடுது."

"வித்தாத்தான் நகருவேன்" என்று அம்மா ஒரு கூடையின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். காய்ச்சலில் அவள் உடம்பு நடுங்கியது. பயத்தில் நடுங்குகிறாள் என்று நான் நினைத்தேன். எழுந்து வா போகலாம் என்று சேலையைப் பிடித்து இழுத்தேன். அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வெயில் ஏறியது. மற்ற ஊர்க் காய்கள் தீர்ந்தன. கடைசியில் மண்டிக்காரர் எழுந்து வந்து, "மொதல்ல தண்ணி குடிம்மா, செத்துகித்துத் தொலைக்கப் போற" என்று சொல்லிவிட்டுக் கூடைகளை ஏலத்துக்குத் தூக்கச் சொன்னார். நான்கும் போயின. நல்ல விலைக்கே போயின.

இன்றைக்கு என்னிடம் தைரியத்தைப் பற்றிப் பெரிதாகப் பேச வருகிறவர்கள் மேல் எனக்கு எரிச்சல்தான் வரும். நான் பார்த்த தைரியம் வீங்கின கையோடு தக்காளி மண்டித் தரையில் உட்கார்ந்திருந்தது. அவள் வயிற்றில் பிறந்தவள் நான் என்பதில் எனக்குள்ள கர்வத்தை யாருக்காகவும் குறைத்துக்கொள்ள மாட்டேன்.

ஆனால் அந்த ஒன்பது வயதில் அது ஒன்றும் எனக்கு உறைக்கவில்லை. சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கி வரும் வழியில் அம்மா என்னை நிறுத்தினாள்.

"கண்ணு, அப்பா கேட்டா, உங்க பேரச் சொன்னதும் மண்டிக்காரரு எடுத்துக்கிட்டாருன்னு சொல்லு."

"யாருமே அப்பா பேரச் சொல்லலியே?"

"சொன்னாங்கன்னு சொல்லு."

அப்பா வாசலில் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து சாப்பிடவில்லையாம். நான் அவர் மடியில் ஏறி, சொல்லச் சொன்னதைச் சொன்னேன். சும்மா சொல்லவில்லை. அப்பா பெயரைக் கேட்டதும் மண்டிக்காரர் எழுந்து நின்றார், நாற்காலி போட்டார் என்று நானாகவே சேர்த்துச் சொன்னேன். அப்பா நிமிர்ந்தார். மீசையைத் தடவினார். "பின்னே, பாலக்கோட்டுல எம்பேரு தெரியாதவன் யாரு?" என்றார்.

அம்மா உள்ளே அவருக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தாள், இடது கையால். பள்ளிக்கூடம் திறந்ததும் என் அப்பாவின் பெருமையை வகுப்பு முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.