மணிக்கட்டைப் பார்த்து ஒரு சம்பந்தம்

போன வெள்ளிக்கிழமை எங்கள் திருக்கோகர்ணத்தில் ஒரு பெண் பார்க்கும் வைபவம். பெண்ணின் தகப்பனார் ராமசாமி எனக்கு அடுத்த வீடு. பெண் கமலா எஸ்.எஸ்.எல்.சி. பாஸ். டைப்ரைட்டிங்கில் ஹையர். அவள் மெஷினில் உட்கார்ந்தால் விரல் எது, சாவி எது என்று தெரியாது.

மாப்பிள்ளை அன்னவாசல் பக்கம். பஞ்சாயத்து யூனியன் ஆபீசில் கிளார்க். ஜாதகம் பொருந்திவிட்டது. கேசரியும் பஜ்ஜியும் உள்ளே போய்விட்டன. தட்டு மாற்ற வேண்டியதுதான் பாக்கி...

அப்போது வந்தது வினை — மாப்பிள்ளையின் சித்தப்பா மகன் ரூபத்தில்.

இவன் மெடிக்கல் காலேஜில் முதல் வருஷம். முதல் வருஷக்காரர்களைப் பற்றி உங்களுக்குத் தெரியாதா? முழு டாக்டரிடம் நாம் காசு கொடுத்துக் கேட்டாலும் பதில் வராது. இவர்கள் கேட்காமலே சொல்வார்கள்.

"கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் சேத்து, மணிக்கட்ட லேசா மடக்குங்க. நடுவுல கயிறு மாதிரி எழும்புதா?" என்றான்.

முழங்கையின் உள்பக்க எலும்பில் கிளம்பி, முன்கையின் முன்பக்கமாக உள்ளங்கைக்கு இறங்கும் ஒரு மெல்லிய தசையின் நுனியாம் அது. இங்கிலீஷில் ஒரு நீளமான பேர் சொன்னான். பெரிய மனிதர்கள் எல்லோரும் காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கையை மடக்கினார்கள். நானும்தான் மடக்கினேன். எனக்கு எழும்பியது. அதில் ஓர் அற்ப சந்தோஷம்கூட!

"எங்க, நீயும் காட்டுத்தா" என்றார் மாப்பிள்ளையின் தாயார்.

கமலா மடக்கினாள். எழும்பவில்லை. மறு கையிலும் இல்லை.

"சில பேருக்கு இது இருக்காது பெரியம்மா" என்று சொல்லிவிட்டுப் பையன் அடுத்த பஜ்ஜியை எடுத்தான்.

அவ்வளவுதான். அந்த அம்மாளின் முகம் மாறிவிட்டது.

"தப்பா நெனைக்காதீங்க. எங்க வீட்டுல கெணத்துல தண்ணி எறைக்கணும், மாவாட்டணும். கையில நரம்பே இல்லேங்குறான். கலந்துக்கிட்டுச் சொல்லி அனுப்புறோம்."

'சொல்லி அனுப்புறோம்' என்றால் என்ன அர்த்தம் என்று பெண்ணைப் பெற்றவர்களுக்குத் தெரியும். 'நரம்பில்லாத பொண்ணு' என்று சாயங்கால பஸ்ஸிலேயே சேதி அன்னவாசல் போய்விடும். அதற்குப் பிறகு ராமசாமி வீட்டுப் படியை எவன் மிதிப்பான்?

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "தம்பி, அது இல்லாவிட்டால் என்ன ஆகும்?" என்று பையனைக் கேட்டேன்.

"ஒண்ணும் ஆகாதுங்க. வெரல மடக்க, குடத்தப் பிடிக்க எல்லாம் அடியில வேற தசைங்க இருக்கு. பலம் கொறையாது."

"இதை முதலிலேயே சொல்வதற்கென்ன?"

"யாரும் கேக்கலைங்களே."

எப்படி இருக்கிறது? ஒரு பெண்ணின் கல்யாணம் கண்ணெதிரே கவிழ்கிறது. அதைத் தூக்கி நிறுத்தும் ஒரு வாக்கியம் இவன் வாயில் இருக்கிறது. பஜ்ஜிக்குப் பின்னால் அது பத்திரமாக இருக்கிறது! படிக்காதவனால் ஊருக்கு இவ்வளவு கெடுதல் வந்து நான் பார்த்ததில்லை.

அந்த அம்மாளாவது சமாதானம் ஆனாரா? "புஸ்தகத்துல ஆயிரம் போட்டிருக்கும்" என்றார். சற்று முன்பு அதே புஸ்தகம்தான் அவருக்கு வேதமாக இருந்தது.

இவ்வளவு நேரம் தலை குனிந்திருந்த கமலா நிமிர்ந்தாள். "மாமா, அவங்க கையையும் பாத்துருவோமே" என்றாள் என்னிடம்.

மாப்பிள்ளையும் பையன் சொன்ன மாதிரியே மணிக்கட்டை மடக்கினார். வழவழவென்று இருந்தது. இரண்டு கையிலும் கயிறும் இல்லை, ஒன்றும் இல்லை.

தாயார்தான் முதலில் சுதாரித்துக்கொண்டார்.

"ஆம்பளைக்கு அது எதுக்குங்க? அவன் என்ன மாவா ஆட்டப் போறான்? சரி விடுங்க, தட்ட மாத்திக்குவோம்."

ராமசாமி தட்டைப் பார்த்தார். மகளைப் பார்த்தார்.

"அப்பா, கலந்துக்கிட்டுச் சொல்லி அனுப்புறோம்னு சொல்லிருங்க" என்றாள் கமலா.

ராமசாமி கைகூப்பி, ஒரு வார்த்தை மாறாமல் அதையே சொன்னார். எனக்கு அப்படியொரு திருப்தி.

மாப்பிள்ளையா? எல்லோரும் எழுந்து வாசலுக்கு வந்த பிறகும் மணிக்கட்டை மடக்கியபடியே உட்கார்ந்திருந்தார்... நீட்டும்படி யாரும் சொல்லவில்லையே!