தலையில் போன பூட்ஸ்

எங்கள் மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்பவர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி கொடுக்க என்னை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்று யாரும் சொல்லவில்லை. எனக்கே தெரியும். என் குரல்தான் காரணம். நான் பேக்கிங் ஷெட் சூப்பர்வைசர். ஷெட் வாசலில் நின்று ஒரு சத்தம் போட்டால் கடைசிப் பாத்தியில் உப்பு வாருகிறவர்களும் நிமிர்ந்து பார்ப்பார்கள். கம்பெனிக்கு மைக் செட் செலவு மிச்சம்.

சென்னை ஆபீசிலிருந்து ஒரு வீடியோ அனுப்பினார்கள். அது முழுக்க உயரமான கட்டடங்கள், கயிற்றில் தொங்கும் ஆட்கள், எல்லார் தலையிலும் ஹெல்மெட். எங்கள் அளத்தில் தலைக்கு மேலே இருப்பது வெயிலும் கொக்கும்தான்.

"மேலேர்ந்து இன்னாம்மா விழும்? கொக்கு எச்சமா?" என்று ஒரு அக்கா கேட்டார். அத்தோடு ஹெல்மெட் பாடம் முடிந்தது.

ஆனால் பூட்ஸ் பாடத்தை விடுவதாக இல்லை. கேள்வி கேட்ட அந்த அக்காவின் கால்தான் காரணம். அளத்தில் மூத்தவர் அவர். அவர் இறங்கினால்தான் மற்ற பெண்கள் பாத்தியில் இறங்குவார்கள். உப்புத் தண்ணீரில் நின்று நின்று கட்டைவிரலில் வெடிப்பு விழுந்து, புண்ணாகி, ஆறவே இல்லை. போதாததற்குச் சர்க்கரை வேறு. இன்னும் உப்புத் தண்ணீர் பட்டால் விரலையே எடுக்க வேண்டிவரும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பூட்ஸ் போடாமல் அந்த அம்மாவைப் பாத்தியில் இறக்காதே என்று மேனேஜர் சொல்லிவிட்டார். "ஷெட்டுல ஒக்காந்து பாக்கெட் ஒட்ட சொன்னீனா செத்துடுவேன்" என்று அக்கா சொல்லிவிட்டார். ஆளாளுக்குச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள், நடுவில் மாட்டிக்கொண்டது நான்.

பூட்ஸ் வந்தது. மஞ்சள் நிறம், முழங்கால் உயரம். எல்லோரும் ஆசையாகப் போட்டுப் பார்த்து செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால், கல்யாண மண்டப வாசல் மாதிரி வரப்பின் மேல் ஜோடி ஜோடியாகப் பூட்ஸ் நிற்கிறது. பெண்கள் எல்லாரும் வெறுங்காலோடு பாத்திக்குள்ளே!

"எதுக்குக்கா அங்க கழட்டி வெச்சீங்க?"

"உப்பு மகாலட்சுமிம்மா. செருப்புக் காலோட மிதிப்பாங்களா? நீயும் இங்க பக்கத்துல வானூர்ல பொறந்தவதான, இது தெரியாதா ஒனக்கு?"

தெரியாமல் என்ன? வீட்டில் ஒரு சிட்டிகை உப்பு தரையில் சிந்தினாலே என் அம்மா ஊரைக் கூட்டிவிடுவார். ஆனால் சூப்பர்வைசராக இருந்துகொண்டு அதை ஒத்துக்கொள்ள முடியுமா?

அந்த வாரமே முதல் உப்பு வாரும் பூஜை வந்தது. எனக்கு ஒரு யோசனை தோன்றியது. உப்பை இழுக்கும் வாருபலகை, கூடைகளோடு பூட்ஸையும் வரிசையாக வைத்தேன். ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமம், மேலே கதம்பம். பூட்ஸும் இனிமேல் தொழில் சாமான்தான், சாமியே பார்த்தாகிவிட்டது, ஆட்சேபணை ஒன்றுமில்லை என்று பெரிய பிரசங்கமே செய்தேன். எல்லோரும் பூட்ஸைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுநாள் வரப்பில்கூடப் பூட்ஸ் இல்லை. தேடிக்கொண்டு ஷெட்டுக்குள் போனேன். சாமி படத்துக்குப் பக்கத்தில், பூ வாடாமல் தண்ணீர் தெளித்து அடுக்கி வைத்திருந்தார்கள்.

"சாமிக்கு வெச்சத கால்ல போட சொல்றியா?" என்றார் அக்கா. அவர் என்னைப் பார்த்த பார்வையில் நிஜமாகவே பரிதாபம் இருந்தது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "யக்கா, டப்பாலேர்ந்து நேரா இங்க வந்த பூட்ஸு அது! ரோட்ட பாத்துதா? சாணிய மிதிச்சுதா? ஒங்க கால விட அது சுத்தம்! வெரல் போச்சுன்னா அப்புறம் மகாலட்சுமி முன்னாடி எந்தக் கால்ல போய் நிப்பீங்க?" கத்திக்கொண்டே வந்தவள் கடைசியில் அழுதுவிட்டேன். என் சத்தத்துக்குப் பழகியவர்கள் அழுகையைப் பார்த்துப் பயந்துபோனார்கள்.

அக்கா ஒரு பூட்ஸை எடுத்துத் திருப்பி அடிப்பக்கத்தைத் தடவிப் பார்த்தார். "ரோட்ட மிதிக்கலல்ல? அப்ப மிதிக்காமயே இருக்கட்டும்" என்றார்.

அன்றிலிருந்து ஆரம்பித்தது அந்த ஊர்வலம். பெண்கள் ரப்பர் செருப்பு போட்டு மண்பாதையில் நடப்பார்கள். பூட்ஸ் கூடையில் உட்கார்ந்து அவர்கள் தலைமேல் வரும். வரப்பில் செருப்பைக் கழற்றி, கால் கழுவி, பூட்ஸுக்குள் இறங்குவார்கள். யாராவது தெரியாமல் பூட்ஸோடு பாதையில் ஒரு அடி வைத்துவிட்டால் அக்கா போடும் சத்தத்துக்கு முன்னால் என் குரல் ஒன்றுமே இல்லை.

சென்னையிலிருந்து பாதுகாப்பு அதிகாரி பார்வையிட வந்தார். பளபளவென்று ஷூவோடு பாத்தியை நோக்கி நடந்தார்.

"சார்! மொதல்ல அத கழட்டுங்க!"

அக்கா போட்ட சத்தத்தில் மனிதர் மிரண்டுபோய்க் கழற்றினார். அக்கா தன் பக்கத்துக் கூடையிலிருந்து ஒரு ஜோடி பூட்ஸை எடுத்துக் கொடுத்தார். அதிகாரிக்கு ஒரே சந்தோஷம்.

"இவ்ளோ டிசிப்ளின் நான் எங்கயும் பாத்ததில்ல மேடம். இன்னா ட்ரெயினிங் குடுத்தீங்க?"

"அழுதேன் சார்" என்றேன்.

அவர் போன பிறகு அக்கா வரப்பில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினார். விரலில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்துக் காலை என் முகத்துக்கு நேரே நீட்டினார். புண் காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. விரல்களை ஒவ்வொன்றாக ஆட்டிக் காட்டினார்.

"எண்ணிக்கோ. அஞ்சும் இருக்குது. இப்ப எதுக்குடி அழுவுற?"