இரைச்சலோடு ஓடிய அறிவிப்பு ஓட்டோ

சாய்ந்தமருதில் யார் மௌத்தானாலும், அந்த மரணச் செய்தி இருபத்திரண்டு வருடமாக ஸஹீதின் ஓட்டோவில் ஏறித்தான் தெருத்தெருவாகப் போனது. கூரையில் இரண்டு கூம்பு ஸ்பீக்கர், பின் சீற்றுக்கு அடியில் குரலைப் பெருக்கும் ஒரு அம்ப், கையில் மைக். ஐம்பத்து நான்கு வயதிலும் குரல் கணீரென்று இருந்தது. சமைத்துக்கொண்டிருக்கும் பெண்கள் அந்தக் குரல் கேட்டால் அடுப்பைக் குறைத்துவிட்டு வாசலுக்கு வருவார்கள்.

இந்த நோன்புக்குச் சற்று முன்னர் அந்தக் குரலுக்குள் ஒரு சனியன் புகுந்தது. எஞ்சினை ஸ்டார்ட் செய்தால் ஸ்பீக்கரில் 'ஙீ' என்று ஓர் இரைச்சல். வேகத்தைக் கூட்டினால் அதுவும் கூடும். மௌத்தானவரின் பெயர் அதற்குள் அமிழ்ந்துபோகும்.

கல்முனை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் வாகன ஸ்பீக்கர் கடை வைத்திருக்கும் ஸிராஜிடம் போனார்.

"ஒங்கட அம்ப் கிழடாப் போச்சு காக்கா. இந்தா, ஆயிரத்து இருநூறு வோட்ஸ். பெட்டியிலயே போட்டிருக்கு பாருங்க."

வாங்கினார். பழைய அம்ப் இருந்த இடத்திலேயே அதைப் பூட்டிக்கொடுத்தார்கள். குரல் அப்படியொன்றும் கூடவில்லை. இரைச்சல் மட்டும் அப்படியே இருந்தது. மறுநாளே திரும்பிப் போனார்.

"ஆயிரத்து இருநூறு எங்க தம்பி?"

"அது மெக்ஸ் காக்கா. ஆர்எம்எஸ் பார்த்தா நூற்றைம்பதுதான் வரும்."

"அதென்ன ஆர்எம்எஸ்?"

"மெக்ஸ் எண்டா கண் சிமிட்டுற நேரம் தாங்குறது. ஆர்எம்எஸ் எண்டா நாள் முழுக்கத் தாறது."

"அப்ப பெட்டியில ஏன் கண் சிமிட்டுறதப் பெரிசாப் போட்டிருக்கான்?"

"மற்றதப் போட்டா நீங்க வாங்குவீங்களா?"

அடுத்த வாரம் அம்ப் சூடேறி நின்றது. "ரெண்டு ஸ்பீக்கரையும் பக்கத்தால பக்கத்தால முடிஞ்சிருக்கீங்க, ஓம்ஸ் எறங்கிட்டு" என்றான் ஸிராஜ். ஸஹீத் முழித்தார். "ஒரு வாய்க்கால்ல ரெண்டு மடையையும் திறந்த மாதிரி காக்கா. தண்ணி கூட இழுபடும், அம்ப் தாங்காது." அது விளங்கியது. ஒன்றின் வாலில் மற்றதைப் பிடித்து வயரை மாற்றினார்கள். சூடு குறைந்தது. இரைச்சல் போகவில்லை.

"கடைக்குப் போய் வரக்குள்ள ஒரு புதுச் சொல்லோட வாறீங்க. சத்தம் மட்டும் பழசுதான்" என்றார் மனைவி றாபியா.

ஸஹீதுக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று காலைதான் பள்ளிவாசல் நிருவாகத்திலிருந்து வொய்ஸ் மெசேஜ் வந்திருந்தது. "காக்கா, போன முறை ஆருக்கும் பேர் விளங்கல்ல. இனி வட்ஸ்அப்பில மட்டும் போடுவம் எண்டு கதைக்கிறாங்க. இண்டைக்குத் தபால்காரர் றஸாக் காக்காட ஜனாஸா. அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். இதையாவது ஒழுங்காச் சொல்லுங்க."

றஸாக் நாற்பது வருடம் இந்த ஊருக்கும் கல்முனைக்கும் கடிதம் சுமந்தவர்; இரண்டு ஊரிலும் அறிவிக்க வேண்டும். அவருடைய பெயரை இரைச்சலுக்குள் போட ஸஹீதுக்கு மனம் வரவில்லை. எஞ்சினை நிறுத்தினார். ஒரு கையால் ஹேண்டிலைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு மறு கையில் மைக்கை எடுத்தார். பத்தடி தள்ளுவார், நின்று மூச்சு வாங்குவார், அறிவிப்பார். மூன்றாவது ஒழுங்கையில் உடுத்திருந்த சாரம் வியர்வையில் காலோடு ஒட்டியது. இப்படியே போனால் கல்முனைக்கு நாளைக்குத்தான் போய்ச் சேரலாம். அலுத்துப்போய் எஞ்சினைத் திருகினார். 'ஙீ!'

ஒரு வீட்டுக் கேற் திறந்தது. வீட்டிலேயே ரேடியோ, அம்ப் திருத்தும் ஸுஹைறா வெளியே வந்தார்.

"காக்கா, எஞ்சின நிப்பாட்டுங்க. ஓம், இப்ப இல்ல. ஸ்டார்ட் பண்ணுங்க. இப்ப வருது. அம்புக்கு ஏர்த் எங்க போட்டிருக்கு?"

"இன்னொரு சொல்லா?" ஸஹீதுக்கு அழுகை வரும் போலிருந்தது.

"கரண்ட் வந்த வழியால திரும்பிப் போகணும். அந்தக் கறுப்பு வயர்தான் போற வழி. வழி சரியில்லாட்டி எஞ்சின்ட சத்தம் ஸ்பீக்கருக்க வரும்." சீற்றைத் தூக்கினார். கறுப்பு வயரின் ஆணி, பளபளக்கும் பச்சைப் பெயின்ற்றின் மேல் இறுக்கப்பட்டிருந்தது.

"இதுக்கு ஆரு பெயின்ற் அடிச்ச?"

"நான்தான்." அந்த நிலையிலும் குரலில் பெருமை இருந்தது. "கடல் காத்துக்குத் துரு ஏறும். நோன்புக்கு முன்ன ஆணியெல்லாம் கழற்றி, மூணு தரம் பூசின."

"மூணு தரம்! பெயின்ற்றுக்கால கரண்ட் போகுமா காக்கா?" ஸ்குரூ டிரைவரால் சுரண்டப் போனார்.

"அல்லாவே, மெதுவா புள்ள! துரு புடிக்கும்!"

"குரல் வேணுமா, பெயின்ற் வேணுமா?"

ஸஹீத் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தகரம் வெள்ளையாகத் தெரியும்வரை ஸுஹைறா சுரண்டும் சத்தம் பல்லைக் கூசவைத்தது. ஆணியை இறுக்கி, துரு பிடிக்காமலிருக்க மேலால் கொஞ்சம் கிறீஸ் தடவினார். எஞ்சின் ஓடியது. ஸ்பீக்கரில் அந்த 'ஙீ' இல்லை.

இரண்டு மாதம், ஒரு புது அம்ப், எத்தனையோ சொற்கள். எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு சில்லறைக் காசளவு இடத்துப் பெயின்ற்!

கல்முனைக்குள் நுழைந்தபோது அவருடைய குரல் பஸ் ஹோர்ன்களுக்கு மேலால் போனது. கடைக்காரர்கள் வெளியே வந்தார்கள். ஸிராஜும் வந்தான். அவனைக் கண்டதும் ஸஹீதுக்கு இரண்டு மாதக் கோபமும் திரண்டு வந்தது.

ஸிராஜ் பக்கத்துக் கடைக்காரனின் தோளில் தட்டினான். "கேட்டியா மச்சான்? நம்மட ஆயிரத்து இருநூறு வோட்ஸ்!"

ஸஹீத் வாயைத் திறந்தார். கையில் மைக் இருந்தது. ஸ்பீக்கர் ஊரையே பார்த்திருந்தது.

"ஓய்வுபெற்ற தபால்காரர் றஸாக் அவர்களின் ஜனாஸா" என்றார். ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகக் கேட்டது.