கம்பி ஷூ போட்ட பொம்மை

என் தங்கைக்கு ஒன்றரை வயதில் போலியோ வந்தது. வலது கால் சூம்பிவிட்டது. எண்பதுகளின் நடுவில், அவளுக்கு ஏழு வயதானபோது, கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் கம்பி ஷூ கொடுத்தார்கள். தொடையிலிருந்து பாதம்வரை இருபுறமும் இரும்புக் கம்பி, குறுக்கே தோல் வார். அதைப் போட்டுக்கொண்டு எங்கள் லைன் வீடுகளின் முன்னால் டக் டக்கென்று நடப்பாள். அந்தச் சத்தம் அவளுக்குப் பிடிக்கும்.

அந்த வருடம் தேர்த் திருவிழாக் கடையில் அப்பா அவளுக்கு ஒரு பிளாஸ்டிக் பொம்மை வாங்கிக்கொடுத்தார். ரோஸ் நிறம், மஞ்சள் முடி, படுக்கவைத்தால் கண் மூடிக்கொள்ளும். இரண்டு நாள் அதன் கால்களையே திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஏனக்கா, எல்லாப் பொம்மைக்கும் காலு இப்படித்தான் இருக்குமா?"

"ஆமா."

"என்னையாட்ட ஒன்னு கடைல இல்லியா?"

எனக்குப் பதினொரு வயது. "நாமளே பண்ணிக்கலாம்" என்றேன்.

அப்பா சாயப்பட்டறைக்கும் அம்மா பனியன் கம்பெனியில் துணியின் நூல் பிசிர் வெட்டவும் போயிருந்தார்கள். ஸ்டவ்வைப் பற்றவைத்து, பொம்மையின் வலது காலை நெருப்புக்கு மேலே காட்டினேன். பிளாஸ்டிக் இளகியது. துணியால் பிடித்து இழுத்து மெலிதாக்கினேன். இரண்டு சீமாறு குச்சிகளை இருபுறமும் வைத்து, அம்மா கொண்டுவந்திருந்த பனியன் வேஸ்ட் துணியைக் கிழித்து வாராகக் கட்டினாள் தங்கை.

"இப்பத்தான் இவ எனக்குத் தங்கச்சி" என்றாள். சாயங்காலம்வரை அதை நடக்கவைத்துக்கொண்டே இருந்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

வேலை முடிந்து வந்த அம்மா பொம்மையைப் பார்த்தாள். முதலில் விளங்கவில்லை. வாங்கிப் பார்த்து, காலைத் தடவினாள். பிறகு என்னை அடித்தாள். முதுகில், கன்னத்தில், கை ஓயும்வரை.

"இந்த ஊட்டுல ஒன்னு போதாதா? இன்னொன்னையும் மொடமாக்கோணுமா?"

அழுதுகொண்டே சொன்னாள். அம்மா கெட்டவளில்லை. தங்கைக்கு வந்த போலியோ காய்ச்சலுக்குத் தான்தான் காரணமென்று எப்போதும் நினைத்தவள். ஆனால் தங்கை அங்கேதான் உட்கார்ந்திருந்தாள். முதலில் சொன்ன "ஒன்னு" தான்தான் என்று புரிந்துகொள்ள ஏழு வயது போதும்.

பொம்மையைத் தூக்கி எறிந்துவிட்டு வரச் சொன்னாள் அம்மா. சாயப்பட்டறைக் கழிவுத் தண்ணீர் ஓடும் பள்ளத்தில் போட்டேன். அன்றைக்குத் தண்ணீர் நீலமாக ஓடியது.

மறுநாள் தங்கை ஷூவைப் போடவில்லை. வலிக்கிறது என்றாள். அதற்கடுத்த நாள் புண்ணாகிவிட்டது என்றாள். பாவாடையைத் தரைவரை இறக்கிக் கட்டிக்கொண்டு, கையால் தொடையை அழுத்தி அழுத்தி நடக்க ஆரம்பித்தாள். பெரியவர்கள் இருவரும் வேலைக்குப் போகிற வீடு. யாரும் வற்புறுத்தவில்லை. நானும்தான். ஷூச் சத்தம் கேட்காத தங்கையுடன் பள்ளிக்கூடம் போவது எனக்கு வசதியாகவே இருந்தது.

இரண்டு வருடம் கழித்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனபோது முழங்கால் மடங்கியபடியே நின்றுவிட்டிருந்தது.

"ஷூவ ஏம்மா கழட்டுனீங்க? இனி ஆபரேஷன் பண்ணாத்தான் கால் நிமிரும்" என்றார் டாக்டர்.

"வேண்டாமுங்க. கத்தி வெச்சா இருக்கறதும் போயிருமுங்க" என்று அம்மா அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். ஒன்பது வயதுப் பிள்ளை. பஸ்ஸில் எல்லோரும் பார்த்தார்கள்.

தொண்ணூறுகளில் தங்கை கம்பெனிக்கு வேலைக்குப் போனாள். செக்கிங் டேபிளில் நாள் முழுக்க உட்கார்ந்து ஓட்டை விழுந்த துணியைப் பொறுக்கி ஒதுக்குகிற வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, துணி துவைக்கும்போது, அந்தப் பொம்மையை நான்தான் பள்ளத்தில் எறிந்தேன் என்று அவளிடம் சொன்னேன். அத்தனை வருடமும் அதை நான் சொல்லியிருக்கவில்லை.

"தெரியும்" என்றாள். "சன்னல்ல நின்னு பாத்துட்டுத்தான் இருந்தேன்."

"கோவமா?"

"பொம்மைக்கு இல்லக்கா." ஒரு சட்டையை உதறினாள். "அம்மா சொன்னப்ப நீ 'அப்படிச் சொல்லாதீங்க'ன்னு ஒரு வார்த்தை சொல்லுவேன்னு நெனச்சேன்."

அவள் வாளியை நகர்த்திக்கொண்டு, அடுத்த சட்டையை எடுத்துச் சோப்புப் போட்டாள்.